கொழுவி உருண்டைக்குக் கிறீஸ் இடலாமா?

நெல்லையும் வைக்கோலையும் மரக்கறியையும் பசளையையும் ஏற்றிச்செல்ல மாட்டு வண்டிலை நம்பியிருந்த காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. இன்று கமக்காரர் உழவு இயந்திரத்தின் பின்னே பெட்டியைக் கொழுவியே பாரம் ஏற்றுகின்றனர். வசதியுள்ள தோட்டக்காரர் சிலர் ஜீப்பின் பின்னும் கெப் வாகனத்தின் பின்னும் சிறு பெட்டிகளைக் கொழுவித் தண்ணீர்த் தாங்கியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் கொண்டுசெல்கின்றனர். இயந்திரத்தின் ஒயிலை மாற்றுவதிலும் சில்லுகளுக்குக் காற்றடிப்பதிலும் நம்மவர் காட்டும் கவனம் மெச்சத்தக்கதே. ஆயினும், முன்னே செல்லும் வாகனமும் பின்னே வரும் பெட்டியும் ஒன்றையொன்று பற்றிநிற்கும் இடத்தைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலர். ஆயிரம் கிலோகிராம் பாரத்தை இழுக்கும் விசை முழுவதும் கைமுட்டியளவேயான ஓர் இரும்புத் துண்டின் வழியே செல்கின்றது. அது ஏற்றத்திற் கழன்றால் பெட்டி பின்னோக்கி ஓடும். இறக்கத்திற் கழன்றால் தன் போக்கிற் சென்று எதிர்ப்பட்டோரைத் தாக்கும். நாற்று நட்டுத் திரும்பும் பெண்கள் அப்பெட்டியில் அமர்ந்து வருவதையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

இவ்விடத்திற்குக் கிறீஸ் இடவேண்டுமா, இடலாகாதா என்பது பற்றிக் கமக்காரரிடையே இரண்டு கொள்கைகள் உண்டு. இரும்போடு இரும்பு உராயுமிடத்தில் மசகு இன்றியமையாதது என்பது ஒருசாரார் கூற்று. கிறீஸ் மணலையும் புழுதியையும் பற்றிக்கொண்டு அரம்போல் உராய்ந்து இரும்பைத் தின்றுவிடும். ஆதலால் உலர்ந்திருப்பதே நன்று என்பது மற்றையோர் கூற்று. இரண்டிலும் உண்மை உண்டு. எவ்விடத்தில் எவ்வுண்மை மேலோங்கும் என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

முதலிற் கொழுவிகளின் வகையை அறிந்துகொள்வோம். நான்கு சில்லு உழவு இயந்திரங்களிற் பெரும்பாலும் பெட்டியின் முனையில் ஒரு வளையமும், அதனூடே நிலைக்குத்தாக இறங்கும் ஓர் ஆணியும் இருக்கும். இருசில்லு இயந்திரத்திலும் ஆணியே பயன்படும். (இதனை நம்மவர் ‘லாண்ட்மாஸ்டர்’ என்பர். அது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். இன்று எந்நாட்டு இயந்திரம் வந்தாலும் அப்பெயரே நிலைத்துவிட்டது.) ஜீப், கெப் முதலியவற்றில் வேறொரு முறை உண்டு. வாகனத்தின் பின்புறத்தில் உருண்டைத் தலையுள்ள ஒரு முளை நிற்கும்; பெட்டியின் முனையிலுள்ள கிண்ணம் அத்தலையின்மீது கவிழ்ந்து, கீழிருந்து ஒரு பூட்டினால் இறுகும். உதிரிப்பாகக் கடைகளில் அதனை ‘டோ போல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவர். இக்கட்டுரையில் அதனை உருண்டை என்றே குறிப்பிடுவோம்.

உருண்டைக்கும் கிண்ணத்திற்கும் இடையே நிகழ்வது யாது? வண்டி நேரே செல்லும்போது பெட்டியின் முன்பாரம் முழுவதும் உருண்டையின் உச்சியில் ஒரு சிறு பரப்பின்மீது அழுந்தும். வேகம் கூட்டும்போது அழுத்தம் ஒரு பக்கத்திலும், தடை பிடிக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் விழும். வளைவிலே கிண்ணம் உருண்டைமீது சுழலும், பள்ளத்திலே சாய்ந்தெழும். இத்தனை அசைவும் உலர்ந்த இரும்பின்மீது நிகழுமாயின், இரும்பின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகள் ஒன்றையொன்று பற்றிக் கிழிபடும். கிழிபட்ட துகள்கள் காற்றுப் பட்டுத் துருவாகிச் செந்நிறத் தூளாகும். அத்தூள் இரும்பை மினுக்குதற்குப் பயன்படும் தூளை ஒத்தது; அதுவே மேலும் உராயும். ஆகவே, உலர்ந்த உருண்டையில் அரம் இல்லை என்று எண்ணுவது தவறு. அது வெளியிலிருந்து மணலை வாங்காவிடினும் தன் உடலிலிருந்தே அரத்தை உண்டாக்கிக்கொள்ளும். வளைவுகளிலே கீச்சென்ற ஒலி எழுமாயின் இவ்வேலை தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

இனி, மற்றைக் கட்சியாரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துநோக்குவோம். வன்னியின் மணற்பாதையிலும் குளக்கட்டின் கிறவற் பாதையிலும் வேனிற்காலத்தில் எழும் புழுதியில் நுண்ணிய படிகக்கற் துகள்கள் நிரம்ப உண்டு. அவை சாதாரண இரும்பிலும் வன்மையானவை. தடித்த கிறீஸ்மீது அவை ஒட்டிக் குழைந்தால் உண்டாவது மசகன்று. பட்டறையில் வால்வு தேய்க்கும் பசையை ஒத்த ஒன்றாகும். காலபோக அறுவடைக்கு முன் பூசிய கிறீஸைச் சிறுபோகம் முடியும்வரை துடையாமல் விட்டுவைக்கும் கமக்காரரைப் பொறுத்தவரை, கிறீஸ் இடாமையே மேல் என்று கூறவேண்டியிருக்கும். அக்குறை கிறீஸைச் சார்ந்ததன்று, துடையாமையைச் சார்ந்தது.

மாட்டு வண்டில் ஓட்டிய நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். வைக்கோலை எரித்த கரியை எண்ணெயிற் குழைத்து மைபோன்ற பசையாக்கி வண்டில் அச்சுக்கு இடுவது பழைய வழக்கம். இடுவதற்கு முன் கடையாணியைக் கழற்றிச் சில்லை வெளியே இழுத்துப் பழைய மையை வழித்தெறிவர். வழித்தபின்பே புதியது. அக்கரி வெறும் நிறத்திற்காகச் சேர்க்கப்பட்டதன்று. எண்ணெய் வடிந்தபின்னும் இரும்பிற்கிடையே வழுக்கும் தன்மையைச் சிறிதளவு காத்துநின்றது. இன்று அதே வேலையைக் காரீயம் இன்னுஞ் சிறப்பாகச் செய்கின்றது. உயர்ந்த தரமான காரீயம் நம் நாட்டிலேயே போகல, கஹட்டகஹ என்னுமிடங்களிற் சுரங்கத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. புழுதி மிகுந்த பாதையிலேயே நாள் முழுவதும் ஓடவேண்டியவர், கிறீஸுக்குப் பதிலாக உலர்ந்த காரீயத் தூளைத் துணியில் தொட்டு உருண்டையில் தேய்த்துக்கொள்ளலாம். அது புழுதியை அவ்வளவாகப் பற்றாது. ஆனால் துருவைத் தடுக்காது. மழைக்காலத்திலும் கடலோரத்திலும் அதனை மட்டும் நம்புதல் ஆகாது.

பெரும்பாரம் இழுப்போர் என்ன செய்கின்றனர் என்று அறிய விரும்பும் கமக்காரர், கொழும்புக்கு வரும்போது கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்திற்குச் செல்லும் வீதியில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். கொள்கலன் ஏற்றும் நெடிய லொறிகள், பின்வண்டி கழற்றப்பட்ட நிலையில் அவ்வீதியிற் போவதுண்டு. முன்வண்டியின் முதுகில் குதிரை இலாடம் போன்ற ஓர் அகன்ற இரும்புத் தட்டும் அதன்மீது கன்னங்கரிய கிறீஸும் தெரியும். பின்வண்டியின் அடியிலிருந்து இறங்கும் இரண்டு அங்குலத் தடிப்புள்ள ஓர் ஆணியை அத்தட்டின் நடுவிலுள்ள தாடை பற்றிக்கொள்ளும். பின்வண்டியின் முன்பாரம் முழுவதும் தட்டின்மீது அழுந்திச் சுழலும். அத்தட்டு உலர்ந்துவிட்டால் லொறியின் திசைதிருப்பியே கனத்துப்போகும். சாரதி வளைவில் லொறியைத் திருப்ப இடர்ப்படுவார். ஆதலால், வழுக்கும் தகடு தனியே பொருத்தப்பட்டவை நீங்கலாக, ஏனைய தட்டுகளுக்கு அவர்கள் தவறாது கிறீஸ் இடுகின்றனர். பழையதை வழித்தும் விடுகின்றனர். நம் உருண்டை மிகச் சிறிதாயினும் அது செய்யும் வேலையும் இதுவே.

ஆகவே, சாதாரண உருண்டைக்கும் கிண்ணத்திற்கும் மெல்லிதாகக் கிறீஸ் இடுக. அடிக்கடி துடைத்துப் புதுப்பிக்குக என்பதே எமது பரிந்துரை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஐரோப்பிய நாடுகளில், வீடுபோல் அமைந்த சுற்றுலாப் பெட்டிகளை இழுப்பதற்கு ஒருவகைக் கொழுவி வழங்குகின்றது. அதன் கிண்ணத்தினுள்ளே தடைக்கட்டை போன்ற தேய்ப்புத் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை உருண்டையை இறுகப் பிடித்துப் பெட்டி இருபுறமும் ஆடாமற் காக்கும். அவ்வகைக் கொழுவிக்கு உருண்டை முற்றாக உலர்ந்தும் சுத்தமாகவும் இருத்தல் வேண்டும். கிறீஸ் பட்டால் பிடி போய்விடும். பழைய பொருளாகக் கொழுவி வாங்குவோர் கிண்ணத்தினுள் விரலை விட்டுப் பார்த்து, இரும்பு மட்டுமே உண்டா, தேய்ப்புத் துண்டும் உண்டா என அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழைய பொருள் என்றதும் ஓர் எச்சரிக்கையை இங்கே கூறாது விடமுடியாது. மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறியபின், மரக்கறி லொறியோடு அங்கு வரும் கமக்காரர் பலர் சரக்கை இறக்கிவிட்டு, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கி, மறுநாட் காலை பஞ்சிகாவத்தைக்குச் சென்று உதிரிப்பாகம் வாங்குகின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்திற் கழற்றிய பாகங்களைக்கொண்டே பல வாகனங்கள் உயிர்வாழ்ந்தன. அதனால் ஒரு நாட்டு உருண்டையும் வேறொரு நாட்டுக் கிண்ணமும் சோடி சேர்வதுண்டு. ஐரோப்பிய உருண்டையின் விட்டம் 50 மில்லிமீற்றர். அமெரிக்க அளவுகளில் 1⅞ அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என மூன்று பெரிதும் வழங்குகின்றன. மில்லிமீற்றரில் இவை முறையே ஏறக்குறைய 47.6, 50.8, 58.7 ஆகும். 1⅞ அங்குல உருண்டையின்மீது 2 அங்குலக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற் பூட்டு விழும். கையால் அசைத்தாலும் கழராது. பாரம் ஏற்றிய பெட்டி ஒரு பள்ளத்தில் துள்ளும்போதே மூன்று மில்லிமீற்றர் இடைவெளியின் பயன் தெரியவரும். 50 மில்லிமீற்றர் உருண்டைக்கும் 2 அங்குலக் கிண்ணத்திற்குமுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. கண்ணுக்கு அது புலப்படாது. தேய்ந்த உருண்டையாயின் அவ்விடைவெளி இன்னும் விரியும். இந்தத் தளர்ச்சியைத் தடித்த கிறீஸால் நிரப்பி ஓசையை அடக்கிவிட்டுப் பொருத்தம் சரி என்போரும் உளர். அது நோயைத் தீர்ப்பதன்று. நோயாளியின் வாயைப் பொத்துவது.

நல்ல உருண்டையின் உச்சியிலோ கழுத்திலோ அதன் விட்டமும் தாங்கும் பாரமும் பொறிக்கப்பட்டிருக்கும். பொறிப்பு இல்லாததை வாங்கற்க. வேணியர் இடுக்கி ஒன்றைக் கொண்டுசென்று நான்கு திசையிலும் அளந்து பார்த்தல் நன்று. ஏனெனில் உருண்டை வட்டமாகத் தேய்வதில்லை. இழுக்கும் திசையிலேயே மிகுதியாகத் தேயும். 50 மில்லிமீற்றர் உருண்டை எப்பக்கத்திலேனும் 49 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட்டால் அதனை மாற்றிவிடவேண்டும்.

கிறீஸ் இடும் முறையை இனிக் கூறுவோம். பெட்டியைக் கழற்றி, முன்னும் பின்னும் சில்லுகளுக்குக் கல் வைத்து அடைகொடுத்த பின்பே வேலை தொடங்குக. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் உருண்டையையும் கிண்ணத்தின் உட்புறத்தையும் பழைய கிறீஸ் சிறிதும் இல்லாமல் துடைக்கவும். துடைத்த துணியை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல் புகுந்திருக்கின்றது, இனிமேல் விரைவாகப் புதுப்பிக்கவேண்டும். உருண்டையில் ஓரிடம் மாத்திரம் கண்ணாடிபோல் மின்னினால் அங்கே அழுத்தம் மிகுதி. கோடு கோடாகக் கீறல் இருப்பின் கிண்ணத்தையும் நோக்குக. கழுத்திலோ கிண்ணத்தின் விளிம்பிலோ மயிரிழை போன்ற வெடிப்புக் காணின் அன்று பெட்டியைக் கொழுவவே வேண்டாம். எம்மைக் கேட்டால், கிறீஸ் இடுதலால் விளையும் பெரிய நன்மை இதுவே என்போம். மசகு தரும் பயன் ஒருபுறமிருக்க, கிழமைக்கொருமுறை ஒரு மனிதனின் கண்ணும் கையும் அவ்விடத்திற்குச் செல்கின்றன.

சுத்தம் செய்தபின் அரைப் பாக்களவு கிறீஸ் போதும். அதனை விரலால் உருண்டையெங்கும் பரப்புக. இரும்பின் நிறம் கிறீஸினூடே தெரியவேண்டும். பூட்டின் அசையும் முனைக்கு ஒரு துளி எண்ணெய் இடலாம். லித்தியம் சேர்ந்த இரண்டாந்தரக் கிறீஸ் எங்கும் கிடைக்கும். அது நீருக்கும் ஓரளவு தாங்கும். இவ்விடத்தில் வெப்பம் மிகுதியாக எழுவதில்லையாதலால் விலையுயர்ந்த கிறீஸ் வாங்கிப் பணத்தை வீணாக்கவேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் பகல் வெயிலில் வடிந்துபோகும். அறுவடைக் காலத்தில் கிழமைக்கொருமுறையும், ஏனைய காலத்தில் மாதத்திற்கொருமுறையும், வெள்ளத்திலோ சேற்றிலோ உருண்டை மூழ்கினால் அன்றைக்கேயும் புதுப்பிக்கவும்.

கழிவு ஒயிலைப் பூசும் வழக்கத்தை நாம் விரும்பவில்லை. இயந்திரத்திற் தேய்ந்த உலோகத் துகள்களும் கரியும் அதில் உண்டு. தோலுக்கும் அது தீங்கு செய்யும். நிலத்திற் சிந்தினால் வேறொரு கேடும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலம் மேலே விழுந்ததைக் கிணற்றுக்கு விரைவில் இறக்கிவிடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்டதைப் பலரும் அறிவர். அங்கே கலந்தது மின்னிலையத்தின் எண்ணெய், அளவிற் பெரிது. ஆயினும், துவரவின்மீது கழிவு ஒயில் சிந்தும் கமக்காரரின் கிணறும் அதே கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றது. துடைத்த துணியை மரக்கறிச் சாக்குகளின் அருகே எறியவும் வேண்டாம்; அம்மணம் பிடித்தால் போகாது.

கிறீஸ் படக்கூடாத இடங்கள் சில உண்டு. இருசில்லு இயந்திரத்தின் பெல்ற்றில் அது பட்டால் பெல்ற் வழுக்கும். பெட்டியின் தடைக்கட்டையிற் பட்டால் காலை அழுத்தியும் பெட்டி நில்லாது. சில்லின் குடத்தில் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய கிறீஸும் கசிந்து தடைக்கட்டையையே சேரும். உருண்டையின் அடியிலுள்ள புரியிலும் நட்டிலும் பூசற்க. நட்டு, அடிவளையத்தோடு உலர்ந்தே இறுக்கப்படவேண்டும். உருண்டையே அடியோடு கழன்று விழும் விபத்துக்களுக்கு நட்டுத் தளர்தல் ஒரு காரணமாகும்.

வெள்ளவத்தை போன்ற கடலோரங்களில் வாகனத்தை நிறுத்திவைப்போருக்குப் புழுதியைவிட உப்புக்காற்றே பகை. அங்கே ஓடாத உருண்டையும் துருப்பிடிக்கும். ஆதலால் ஓடாத காலத்திலும் கிறீஸ் இட்டு மூடிவைத்தல் வேண்டும். இதற்கென றப்பர் மூடிகள் விற்கப்படுகின்றன. அவை கிடைக்காவிடின், அக்கடற்கரையிற் சிறுவர் துடுப்பாட்டம் ஆடும் பழைய டென்னிஸ் பந்து ஒன்றை வாங்கி, ஒருபுறம் கத்தியாற் பிளந்து உருண்டைமீது கவிழ்த்துவிடலாம். மட்டக்களப்பு, முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரக் கமக்காரருக்கும் இது பொருந்தும்.

ஆணியும் வளையமும் உள்ள கொழுவிகளுக்கும் மேற்கூறிய முறையே ஏற்றதாயினும், ஆணிக்குக் கிறீஸ் இன்னுஞ் சிறிதே போதும். புழுதி நேராக வந்து விழும் இடம் அது. சில பெட்டிகளின் ஏர்க்காலில் ஓர் உருளும் மூட்டும் அதற்கொரு கிறீஸ் நிப்பிளும் இருக்கும். அதனுள்ளே புதுக்கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை ஏற்றிப் பிதுங்கியதைத் துடைத்துவிடுக. பெட்டியைக் கழற்றும்போது ஆணியை வரப்பு மணலிற் குத்திவைப்பது நம்மவரின் பழக்கம். அதே ஆணியைத் துடையாமல் மீண்டும் செருகினால், பூசிய கிறீஸ் முழுவதும் மணற்பசையாகும். ஆசனத்தடியில் ஒரு சீலைப்பை தொங்கவிட்டு அதில் ஆணியை இடுதல் எளிது.

பாரம் ஏற்றும்போது, மொத்தப் பாரத்தில் இருபதிலொரு பங்குமுதல் பத்திலொரு பங்குவரை உருண்டைமீது அழுந்துமாறு மூடைகளை அடுக்குக. ஆயிரம் கிலோகிராமுக்கு ஐம்பது முதல் நூறு கிலோகிராம். பின்பாரம் மிகுந்தால் கிண்ணம் மேல்நோக்கி எழும்பிப் பூட்டையே இழுக்கும். இரண்டு சங்கிலிகளை ஏர்க்காலின் கீழே குறுக்காக மாட்டினால், கொழுவி கழன்றாலும் ஏர்க்கால் நிலத்திற் குத்தாது சங்கிலியிற் தங்கும். ஆணி தொலைந்த அன்று கட்டடக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் செருகிக்கொண்டு ஆலைக்குப் புறப்படுவோர் பலர். அக்கம்பி தடிப்பிற் குறைந்தது. தலையும் கிளிப்பும் அற்றது. ஒவ்வொரு குலுக்கத்திலும் மேலேறும். உரிய ஆணி ஒன்றையும் கிளிப் இரண்டையும் மேலதிகமாக வாங்கிக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்க.